வெந்நீர்த் தொட்டியின் வலது ஓரத்தைத் தொட்டறிந்த யோர்டிஸ் அம்மையாருக்கு

ஸ்கார்சுண்ட் ஒவ்வாமை ஆய்வகத்தில் நாற்பத்தோராண்டுக் காலம், நின்ற கால் நோவெனச் சொல்லாது, நீட்டிய கை நடுங்காது, நீலச் சாயமும் நெடிய பொறுமையுமாய்ப் பணியாற்றி, இன்று ஓய்வுபெறும் பெருமதிப்பிற்குரிய யோர்டிஸ் ஸ்ட்ரான்ட்பெரி அம்மையார் அவர்களுக்கு, உடன் உழைத்தோரும், உழைத்ததாகப் பெயர் பண்ணியோரும் எழுந்து நின்று படித்தளிக்கும் மடல்.

மணிகள் உதிரும் கணமறிந்த மாண்பினீர்! எலிக்கும் இரங்கிய ஈர நெஞ்சினீர்! கண்டதைக் கண்டவாறு குறித்துக் கையொப்பமிட்ட கறையிலாக் கரத்தினீர்! எல்லோரும் குனிந்திருந்த அவையில் ஒருவராய் நிமிர்ந்திருந்த உறுதியினீர்! வணக்கம்.

இம்மடலை எழுதும் பொறுப்பு, முப்பது ஆண்டுகளுக்கு முன் உங்களுக்கு அடுத்த மேசையில் வந்து அமர்ந்த எஸ்கில் நூர்டால் என்ற எனக்கு வந்து சேர்ந்தது. நம் இயக்குநர் மோனா என்னிடம், "எஸ்கில், ரெண்டு பக்கம் போதும். கொஞ்சம் சிரிக்க வை. பழசையெல்லாம் கிளறாதப்பா, ஸ்டெல்லனும் வர்றாரு" என்றார். முயன்று பார்த்தேன், மோனா. இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. பழசை விட்டுவிட்டு எழுதினால் இவரைப் பற்றி எழுத ஒன்றும் மிஞ்சவுமில்லை. விருந்து மேசையிலுள்ள பச்சைக் கேக் இன்னும் கால்மணி நேரம் காத்திருக்கட்டும்.

முதலில் உங்கள் கைகளைப் பாராட்டுகிறோம். எலியின் வயிற்றறையை வெதுவெதுப்பான உப்புநீரால் கழுவி, அந்த நீரிலிருந்து மாஸ்ட் செல்களைப் பொறுக்கியெடுக்கும் வேலையில் இந்த நாட்டில் உங்களுக்கு இணை இல்லை என்று தலைநகரத்திலிருந்து வந்தவர்களே சொல்லிவிட்டுப் போனார்கள். பிப்பெட்டின் முனை குறுகலாக இருந்தால் செல்கள் நசுங்கும் என்று, நகம் வெட்டும் கத்தரியால் ஒவ்வொரு முனையையும் நறுக்கி அகலமாக்கி வைத்துக்கொள்வீர்கள். நான் வந்த முதல் வாரத்தில் என் வேலையைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, மாவா கரைக்கிற? செல்லு அது. இந்த ஆட்டு ஆட்டினா பயத்துலயே உள்ள இருக்கிறத எல்லாம் வெளிய விட்டுடும். அப்புறம் எதை அளக்கப் போற, உன் மூஞ்சியவா?" என்று கேட்டீர்கள். அன்று முதல் என் கை சற்று மெதுவானது.

அந்தச் செல்லைப் பற்றியும் இரண்டு சொல் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் பிள்ளைகளும் அக்கம்பக்கத்தாரும் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். தோலிலும் மூக்கிலும் மூச்சுக்குழலிலும் குடியிருந்து, தன் சின்னஞ்சிறு வயிற்றுக்குள் நூற்றுக்கணக்கான மணிகளை அடைத்து வைத்திருப்பது மாஸ்ட் செல். அதன் மேற்புறமெங்கும் எதிர்ப்புரதங்கள் காவல் நிற்கும். பிர்ச் மரத்து மகரந்தமோ குளவியின் நஞ்சோ வந்து, அடுத்தடுத்து நிற்கும் இரண்டு காவலரைச் சேர்த்துப் பிடித்தால் போதும். கால்சியம் உள்ளே பாயும், மணிகள் ஓரத்துக்கு நகரும், மணியின் உறையும் செல்லின் உறையும் ஒன்றாகும், உள்ளிருக்கும் ஹிஸ்டமின் ஓரிரு நிமிடங்களில் வெளியே கலக்கும். அதற்குப் பின் தும்மல், தடிப்பு, வீக்கம். கெட்ட நேரமாக இருந்தால் இரத்த அழுத்தம் விழுந்து மூச்சே அடைக்கும். ஆனால் இத்தனையும் நடக்க அந்தச் செல்லுக்கு உடம்புச் சூடு வேண்டும். குளிர்ந்துவிட்டால் அது மகரந்தத்தையும் மதிக்காது, நஞ்சையும் மதிக்காது, மணிகளைப் பிடித்து வைத்துக்கொண்டு சும்மா கிடக்கும். இங்கே பயில வரும் எவருக்கும் முதல் நாளே சொல்லித் தரப்படும் பாடம் இது. அப்படிப்பட்ட பாடத்தைத்தான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து மறந்தோம்.

அடுத்து உங்கள் கண்களைப் பாராட்டுகிறோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறாம் ஆண்டு, பிப்ரவரி. சாளரத்தை ஒட்டி, செல் குழாய்களை உடம்புச் சூட்டில் வைக்கும் நீளமான வெந்நீர்த் தொட்டி. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நம் மூத்த பேராசிரியர் ஸ்டெல்லன் ஓகர்மன் அவர்கள் வகுத்த நெறிப்படி, ஒவ்வாமைப் பொருள் எல்லாக் குழாய்களிலும் சேரும்; மருந்து சேராத குழாய்கள் தொட்டியின் இடப்பக்கம், மருந்து சேர்த்த குழாய்கள் வலப்பக்கம். எண்ணும்போது யாருக்கும் குழப்பம் வரக்கூடாது என்பதற்காகத் தொட்டியின் விளிம்பில் சிவப்பு நாடா ஒட்டி எல்லை வகுத்திருந்தோம். எந்தக் குழாயும் எந்நாளும் அந்த எல்லையைத் தாண்டியதில்லை. ஒழுங்கு என்றால் அப்படியோர் ஒழுங்கு, விருந்தினர்களை அழைத்து வந்து காட்டுவோம்.

அந்தக் குளிர்காலத்தில் கே-ஏழு என்று நாங்கள் பெயரிட்ட மருந்து, மணிகள் உதிர்வதைப் பாதிக்கு மேல் தடுத்தது. வலப்பக்கத்துச் செல்கள் நுண்ணோக்கியின் கீழ், நீலச் சாயம் ஏறி ஊதாவாக மாறிய நிறத்தில், நிறைமாதச் சூலிகள்போல் முழுமையாய் நின்றன. இடப்பக்கத்துச் செல்கள் வெறும் ஓடாய்க் கிடந்தன. பதினொரு வாரம், நாற்பது எலிகள், ஒவ்வொரு முறையும் அதே விடை. நாங்கள் ஒயின் திறந்தோம். கட்டுரை எழுதினோம். கட்டுரையில் முதல் பெயர் என்னுடையது, கடைசிப் பெயர் ஸ்டெல்லனுடையது. அடியில் பொடி எழுத்தில், யோர்டிஸ் ஸ்ட்ரான்ட்பெரியின் திறன்மிகு உதவிக்கு நன்றி.

கட்டுரை அச்சுக்குப் போன வாரம், ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை, குழாய்களை எடுக்கும்போது உங்கள் விரல்கள் தொட்டியின் வலது ஓரத்தில் நீரைத் தொட்டன. நின்றீர்கள். மறுபடி தொட்டீர்கள். நீரைக் கலக்கிவிடும் சிறு விசிறி எப்போது நின்றுபோனதோ யாருக்கும் தெரியாது. வெப்பமானி தொங்கியது இடப்பக்கம். அது முப்பத்தேழு என்றது. நீங்கள் இன்னொன்றைக் கொண்டுவந்து வலது ஓரத்தில் தொங்கவிட்டீர்கள். அது இருபத்தொன்பது என்றது. சிவப்பு நாடாவைத் தாண்டி, வரிசைகளை மாற்றி வைத்தீர்கள். மருந்து சேர்ந்த செல்கள் இடப்பக்கத்துச் சூட்டில் இருந்த மணிகளையெல்லாம் வெளியே விட்டன. மருந்தே காணாத செல்கள் வலப்பக்கத்துக் குளிரில் முழுமையாய் நின்றன. மூன்று நாள், மூன்று எலி, ஒரே விடை. பதினான்காம் குறிப்பேட்டின் அறுபத்திரண்டாம் பக்கத்தில் தேதியிட்டு எழுதிக் கையொப்பமும் போட்டுவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு ஸ்டெல்லனின் அறைக்குப் போனீர்கள். கதவு திறந்திருந்தது. நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"ஸ்டெல்லன், மருந்து ஒண்ணும் பண்ணலை. குளிர்தான் பண்ணியிருக்கு."

"யோர்டிஸ், கட்டுரை போயாச்சு."

"போனா என்ன, கூப்பிட்டு நிறுத்து. நீயே வந்து தொட்டியில கைய விட்டுப் பாரு."

"நாற்பது எலி ஒரு பக்கம், உன் விரல் ஒரு பக்கமா? நீ செல்லைக் கழுவித் தர்றதுல ராணி. யோசிக்கிற வேலையை எங்ககிட்ட விட்டுடு."

இந்த ஊரில் பேராசிரியரையும் பெயர் சொல்லித்தான் அழைக்கிறோம், துடைப்பம் பிடிப்பவரையும் பெயர் சொல்லித்தான் அழைக்கிறோம். அதனாலேயே நமக்குள் மேலென்றும் கீழென்றும் இல்லை என்று நம்பிக்கொண்டு திரிந்தோம். அன்று கதவுக்கு வெளியே நின்ற எங்களுக்கு யார் மேல், யார் கீழ் என்பது நன்றாகவே விளங்கியது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எல்லோருடைய சம்மதத்தோடும் முடிவெடுப்பது நம் வழக்கம். இலவங்கப்பட்டை ரொட்டித் தட்டு நடுவில் இருந்தது. ஸ்டெல்லன் மிகவும் மரியாதையாக, "யோர்டிஸுக்கு ஒரு சந்தேகம். வேற யாருக்காவது இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்றார். ஏழு பேர் இருந்தோம். ஏழு பேரும் ரொட்டியைப் பார்த்தோம். "அப்ப எல்லாருக்கும் சம்மதம்" என்று எழுதிக்கொண்டார். நீங்கள் எங்கள் முகங்களை வரிசையாக ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, காப்பிக் கோப்பைகளை எடுத்துக் கழுவப் போனீர்கள். அன்று உங்கள் முறைகூட இல்லை.

ஆண்டுக்கணக்கில் எலிகளோடு புழங்கியதில் உங்கள் கைகளில் தடிப்பு வந்திருந்தது, மூக்கு எப்போதும் ஒழுகியது. எலி ஒவ்வாமை. ஒவ்வாமை ஆய்வகத்தில் ஒவ்வாமை வந்தவரை எங்கே வைப்பார்கள் என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. கூட்டம் முடிந்த மூன்றாம் வாரம், "உன் உடம்புக்காகத்தான், யோர்டிஸ்" என்று சொல்லி, உங்களை அடித்தளத்தில் கண்ணாடிக் கலங்கள் கழுவும் அறைக்கு அனுப்பினார்கள். இரண்டு ஆண்டாக இருந்த தடிப்பு அந்த வாரம்தான் அவர்கள் கண்ணில் பட்டது. எட்டு ஆண்டுகள் அங்கே இருந்தீர்கள். இந்த ஆய்வகத்தில் மாஸ்ட் செல்கள் உண்மையிலேயே மணிகளை வெளியே விட்ட ஒரே இடம் உங்கள் மூக்குதான் என்று நீங்களே சொல்லிச் சிரித்தீர்கள். நாங்களும் சிரித்தோம். எங்களுக்கு அந்த உரிமை இருந்ததாக இப்போது தோன்றவில்லை.

அடித்தளத்திலிருந்தும் நீங்கள் சும்மா இருக்கவில்லை. தொண்ணூற்றெட்டில் ஆய்விதழுக்கே கடிதம் எழுதினீர்கள். நாலு வரியில் பதில் வந்தது: திருத்தம் கேட்கும் உரிமை கட்டுரையாளர்களுக்கே உண்டு, கட்டுரையாளர் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை. அந்தப் பதிலை என் மேசைமேல் வைத்து, "உன் பேரு இருக்கு, எஸ்கில்" என்றீர்கள். அவ்வளவுதான். கெஞ்சவில்லை, ஏசவில்லை. எனக்கு அப்போது முனைவர் பட்டம் கிடைத்து ஓராண்டு ஆகியிருந்தது, அந்தப் பட்டம் முழுவதும் கே-ஏழின்மேல் நின்றது. "பார்க்கலாம், யோர்டிஸ்" என்றேன். பார்க்கலாம் என்ற சொல்லை இருபத்தாறு ஆண்டுகள் நீட்ட முடியும் என்று அன்று எனக்குத் தெரியாது.

மருந்து மனிதர்களுக்குப் போனது. குளவி நஞ்சு ஒவ்வாத அறுபது பேர் இரண்டு கோடைகாலம் அதை விழுங்கினார்கள். அவர்களில் ஒருவர் சூல்வெய் லிண்டெ, தீவுப் பக்கம் தபால் கொடுத்தவர். மருந்து காக்கும் என்ற நம்பிக்கையில் அட்ரினலின் ஊசியைச் சமையலறை இழுப்பறையிலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போனார். இரண்டாயிரத்தொன்று ஆகஸ்டில், ஆளில்லாத கோடை வீடொன்றின் தபால் பெட்டிக்குள் கையை விட்டபோது, உள்ளே கூடு கட்டியிருந்த குளவிகள் கொட்டின. நான்கு நாள் நினைவின்றிக் கிடந்தார். பிழைத்தார். ஆனால் வலக்கை நடுக்கம் நிற்கவில்லை, சொற்கள் பாதியில் தொலைந்துபோகும், தபால் வேலையும் போனது. செய்தி வந்த அன்று உணவறையில் ஸ்டெல்லன், "குளவி கொட்டினதுக்கு நாம என்ன பண்ண முடியும்? ஊசியை வீட்ல வைன்னு நாம சொன்னோமா?" என்று கேட்டார். மறு ஆண்டு, எதிர்பார்த்த பயன் இல்லை என்று ஒரு வரி எழுதி மருந்தை ஓசைப்படாமல் மூடினார்கள். கட்டுரை மட்டும் அப்படியே நின்றது.

நீங்களோ, அம்மையீர், மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பேருந்து பிடித்து, படகு பிடித்து, சூல்வெய் வீட்டுக்குப் போனீர்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் போகிறீர்கள். அவர் கடிதம் எழுதச் சொல்லுவார், நீங்கள் எழுதித் தருவீர்கள். இது எங்களுக்குத் தெரியவந்ததே, இன்று இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கும் சூல்வெய் அவர்களைப் போன வாரம் நான் தொலைபேசியில் அழைத்தபோதுதான். "உங்க ஆளுங்கள்ல இவங்க ஒருத்தங்கதான் வந்தாங்க. மத்தவங்களுக்கு வழி தெரியலையோ என்னவோ" என்றார் அவர். வழி தெரியும், சூல்வெய். வர வெட்கமாக இருந்தது.

இனி, இந்த மார்ச் மாதம். எங்கோ ஒரு புது நிறுவனம் நம் பழைய கட்டுரையைத் தோண்டியெடுத்து, அதே கே-ஏழை வரும் செப்டம்பரில் மீண்டும் மனிதர்களுக்குக் கொடுக்கப் போவதாகவும், செய்முறைக் குறிப்புகளை அனுப்பி உதவ வேண்டும் என்றும் எழுதியது. அன்று மதிய உணவின்போது நீங்கள் பதினான்காம் குறிப்பேட்டைக் கொண்டுவந்து, சாலட் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். "எனக்குப் பூ வேணாம், கடிகாரம் வேணாம், கூட்டமும் வேணாம். நான் போறதுக்குள்ள இதை எழுதி அனுப்புங்க. இன்னொரு சூல்வெய் வேணாம்." மோனா, "புரியுது யோர்டிஸ், ஆனா இப்ப ஆய்வகத்துக்குத் தர மதிப்பீடு நடக்குது, இந்த நேரத்துல வேணாமே. இலையுதிர் காலம் வரட்டும்" என்றார். மற்றவர்கள் சாலட்டைப் பார்த்தார்கள். ரொட்டி இருந்த இடத்தில் சாலட் இருந்தது, மற்றபடி இருபத்தெட்டு ஆண்டுகளில் எங்களிடம் எந்த மாற்றமும் இல்லை.

நாங்கள் பூ வாங்கினோம். கடிகாரமும் வாங்கினோம். கூட்டமும் கூட்டியிருக்கிறோம். நீங்கள் வேண்டாம் என்ற மூன்றையும் தவறாமல் செய்து, வேண்டுமென்ற ஒன்றை விட்டுவிட்டு, உங்கள் பொறுமையைப் போற்றி மடல் படிக்க நிற்கிறோம். உங்களைப் பொறுத்துக்கொள்ள வைத்தவர்களே உங்கள் பொறுமையைப் புகழ்வது எத்தனை பெரிய வெட்கக்கேடு என்று எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. ஆகவே பொறுமை என்ற சொல்லை இம்மடலின் பாராட்டுகளிலிருந்து எடுத்துவிடுகிறேன். மேலே ஓரிடத்தில் வந்துவிட்டது, மன்னியுங்கள்.

அதற்குப் பதிலாக, இருபத்தெட்டு ஆண்டுகளாக உங்களிடம் சொல்லாத ஒன்றை எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன். ஸ்டெல்லனின் அறைக்கு நீங்கள் குறிப்பேட்டோடு போன மறுநாள் காலை, ஏழு மணிக்கு, யாரும் வருமுன் நான் ஆய்வகத்துக்கு வந்தேன். சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டியில் கையை விட்டுப் பார்த்தேன். முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம். கையைத் துடைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை, வேறு யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்று ஸ்டெல்லன் கேட்டபோது, எனக்குச் சந்தேகமே இல்லை, யோர்டிஸ். எனக்குத் தெரிந்திருந்தது. மற்ற ஆறு பேர் கோழைத்தனத்தால் ரொட்டியைப் பார்த்தார்கள். நான் தெரிந்துகொண்டே பார்த்தேன்.

இன்று காலை எட்டே கால் மணிக்கு, கட்டுரையின் முதல் ஆசிரியன் என்ற உரிமையில், ஆய்விதழுக்கும் அந்தப் புது நிறுவனத்துக்கும் மருந்துக் கண்காணிப்பு அலுவலகத்துக்கும் கடிதம் அனுப்பிவிட்டேன். அறுபத்திரண்டாம் பக்கத்தின் படியும் கூட இருக்கிறது. கட்டுரையைத் திரும்பப் பெறக் கேட்டிருக்கிறேன். என் பட்டத்தைப் பற்றி அவர்கள் என்ன முடிவு செய்தாலும் மறுத்துப் பேசமாட்டேன் என்றும் எழுதியிருக்கிறேன். மோனா, உங்களிடம் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் கூட்டம் போட்டிருப்பீர்கள்.

இதைக் கேட்டு நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மன்னித்துத் தொலைத்துவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

மணிகளையெல்லாம் இழந்த மாஸ்ட் செல் அதோடு செத்துவிடுவதில்லை, சில வாரங்களில் உள்ளுக்குள் மெல்ல மெல்ல மீண்டும் நிரப்பிக்கொள்ளும் என்பது நீங்கள் எண்ணி எண்ணிக் காட்டிய உண்மை. அவ்வாறே, எங்களிடம் நீங்கள் இழந்த ஆண்டுகள் போக எஞ்சியிருக்கும் ஆண்டுகள் அனைத்தும் எலி வாடையற்ற காற்றோடும், ஒழுகாத மூக்கோடும், உங்கள் பிர்ச் மரத் தோட்டத்தில் தும்மலற்ற வசந்தங்களோடும் நிறைந்து பெருகுக. நோயற்று நெடிது வாழ்க. நாங்கள் உங்கள் நினைவில் அதிக இடம் பிடிக்காமல் இருக்கக் கடவோம்.

இம்மடலின் அடியில், ஊழியர்கள் அனைவரும் கையொப்பமிட எட்டுக் கோடுகள் போட்டிருக்கிறேன். இம்மடலை மாட்டப்போகும் சட்டகத்தின் பின்புறம் வைக்க, ஆய்விதழுக்குப் போன கடிதத்தின் படி இருக்கிறது. அதிலும் எட்டுக் கோடுகள் உண்டு. முன்பக்கம் கையொப்பமிடுபவர் பின்பக்கமும் இட வேண்டும். ஒன்றில் மட்டும் போட இயலாது. பேனா கேக் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஸ்டெல்லன், உங்கள் பெயரை இரண்டாம் கோட்டில் நானே தட்டச்சு செய்துவிட்டேன், நீங்கள் தேட வேண்டியதில்லை.

வலது ஓரம் குளிர்ந்துதான் இருந்தது, யோர்டிஸ்.

இங்ஙனம்,
ஸ்கார்சுண்ட் ஒவ்வாமை ஆய்வக ஊழியர்கள்

1. எஸ்கில் நூர்டால் (கையொப்பம்)
2. ஸ்டெல்லன் ஓகர்மன் ……………………
3. ……………………
4. ……………………
5. ……………………
6. ……………………
7. ……………………
8. ……………………